சுங்காய்த் தோட்டத்தில் காட்டுக்கோழி தேடிய நாட்கள்

வெள்ளி

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வடக்கே வந்தால் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், அதற்கடுத்துச் சுங்காய். பேராக்கின் தெற்குப் பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருக்கும் சின்னத் தோட்டப் பட்டணம். பழைய நெடுஞ்சாலையை ஒட்டிக் கடை வரிசைகள், கிழக்கே நீலமாகத் தெரியும் தித்திவாங்சா மலைத்தொடர், மற்ற எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கு. நான் வந்தது காட்டுக்கோழிக்கு.

அத்தை சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு சத்தத்தைப் பதிந்து அனுப்பியிருந்தார். விடியற்காலையில் சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே கேட்டதாம். முதலில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சேவல், இழுத்து ராகம் போட்டுக் கூவுகிறது. சற்று நேரம் கழித்துத் தூரத்திலிருந்து இன்னொன்று. அதே கூவல்தான், ஆனால் கடைசி அசை வருமுன் கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறது. கொக்-கொக்ர-கோக். அவ்வளவுதான். அந்த வெட்டு நாட்டுச்சேவலுக்கு வராது. கேட்ட அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன்.

மாமா ஸ்டேஷனுக்கு மோட்டாரில் வந்திருந்தார். ரப்பர் பால்மரக் காலத்தில் தோட்டத்தில் பேர் பதிந்தவர். மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது பழம் வெட்டப் போய், பிறகு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராகி, ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிறது. "பசியாறிட்டியா பாப்பா?" என்று கேட்ட கையோடு, "உன் கோழி இன்னிக்கும் கூவுச்சு" என்றார்.

தோட்டத்துக்குள் நுழையும் செம்மண் பாதையின் இரண்டு ஓரத்திலும் தெர்னரா செடிகள் பூத்துக் கிடக்கின்றன. அழகுக்கு நட்டவை அல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்லுகிற குளவிகள் அந்தப் பூவின் தேனுக்கு வரும் என்பதால் நடுகிறார்கள். எலி பிடிக்கக் கூகைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு வேண்டிய பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் இப்படி ஆளுக்கொரு இடம் உண்டு. காட்டுக்கோழிக்கு யாரும் ஒன்றும் வைக்கவில்லை. அது தானாக வந்து தங்கிக்கொண்டது.

இருட்டும் நேரத்தில் மாமா என்னை லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார். கரையில் வெட்டாமல் விட்ட மூங்கில் புதர் ஒன்று, பக்கத்தில் அந்தக் காலத்துப் பால்மரங்கள் நாலைந்து. காட்டுக்கோழி தரையில் மேயும், தரையில் முட்டையிடும், ஆனால் தரையில் தூங்காது. ஏழரை மணி வாக்கில் ஓலைக் குவியல்களுக்கிடையே ஒரு சலசலப்பு. அடுத்து இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நேர் செங்குத்தாக எழும்பி மூங்கிலுக்குள் போய்விட்டன. உருவம்தான் தெரிந்தது, நிறம் தெரியவில்லை. வளர்ப்புக் கோழி கூரை ஏறவே திணறும். இவை மூன்று ஆள் உயரத்தை ஒரே மூச்சில் ஏறின.

சனி

மலேசியாவில் பொழுது மெதுவாகத்தான் விடியும். ஏழு மணிக்கும் செம்பனைக்குள் இருட்டு பாக்கியிருக்கும். ஆறரைக்கே மூங்கிலில் முதல் கூவல் எழுந்தது. அதற்கு ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பதில், பிறகு லயத்துச் சேவல்கள் எல்லாம் ஒரே கூச்சல்.

சேவல் வெளிச்சத்தைக் கண்டுதான் கூவுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2013-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார், விளக்கை மாற்றாமல் ஒரே மங்கிய வெளிச்சத்தில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய நாளுக்கொரு முறை, விடியும் வேளைக்குச் சற்று முன்பே கூவின. நேரம் சேவலின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. அதே குழு 2015-இல் இன்னொன்றையும் கண்டது: கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தத்தம் தகுதிக்கேற்ற வரிசையில் அதற்குப் பிறகு. அவர்கள் பார்த்தது வளர்ப்புச் சேவல்களை. மூங்கிலில் முதலில் குரல் கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

லோரி பாதை திரும்பும் இடத்தில், அடுக்கி வைத்த ஓலைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அன்று அந்தப் பக்கம் பழ வெட்டு இல்லை. மாமா எந்த பிளாக்கில் எப்போது வெட்டு என்பதை இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்துக்கு ஆள் திரும்பி வரும். வெட்டு முடிந்த பிறகும் பொறுக்காமல் விட்ட உதிரிப் பழங்கள் மரத்தடியில் கிடக்கும். அதற்குத்தான் கோழி வரும் என்றார்.

வந்தது.

முதலில் ஒரு பெட்டை பாதை ஓரத்தில் தலையை நீட்டிப் பார்த்தது. அது திருப்தியாகப் பாதையைக் கடந்த பிறகே சேவல் வெளியே வந்து நின்றது. சூரியன் அப்போதுதான் ஓலைகளுக்கு மேலே வந்திருந்தது. அந்தச் சாய்ந்த வெளிச்சம் அதன் கழுத்தில் விழுந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழுத்த செம்பனைக் குலையை வெட்டிப் போட்டால் பழத்தின் அடியில் மஞ்சள் கலந்த ஆரஞ்சும் மேலே போகப் போக ரத்தச் சிவப்பும் நுனியில் கறுப்பும் இருக்குமே, அந்த வரிசையில்தான் இதன் நிறங்களும் போகின்றன. உச்சந்தலையிலும் பிடரியிலும் எரிகிற ஆரஞ்சு. அது கழுத்தின் பக்கவாட்டில் இறங்க இறங்கப் பொன் மஞ்சளாக வெளிறுகிறது. ஒவ்வொரு இறகும் நீண்டு, கூராக, தனித்தனியே தொங்குகிறது. தோளிலும் முதுகிலும் கருஞ்சிவப்பு. இறக்கையின் நடுவில் நீலம், திரும்பும்போது ஊதா. அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் ஒரு முக்கோணம். நெஞ்சும் வயிறும் முழுக் கறுப்பு. வால் கறுப்பு என்று சொல்லலாம், ஆனால் அசைந்தபோது பச்சை மின்னியது. அரிவாள் போல் வளைந்த இரண்டு பெரிய இறகுகள் மற்றவற்றைத் தாண்டித் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தன.

வாலைச் சொல்லியே ஆக வேண்டும். நாட்டுச்சேவல் வாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடக்கும். இது வாலைத் தாழ்த்தி, உடம்புக்கு நேர்கோட்டில் பிடித்தபடி, முதுகை வளைத்து, திருட்டு நடை நடக்கிறது. எடுத்துவைத்த காலைக் கீழே வைக்குமுன் ஒரு கணம் நிறுத்திக் கேட்கிறது. எடையும் குறைவு. ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கறிக்கடைக் கோழி பார்த்த கண்ணுக்கு மிகவும் ஒல்லியாகத் தெரியும்.

தொலைநோக்கியில் கால்களைப் பார்த்தேன். சிலேட்டுப் பலகை நிறம். சாம்பலும் நீலமும் கலந்த, மஞ்சளே இல்லாத கால். அதைப் பார்த்ததும் மாமாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மாமா" என்றேன்.

சேவல் காலால் கிளறி எதையோ கண்டது. தின்னவில்லை. குனிந்து அலகால் எடுத்துக் கீழே போட்டது, மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது, குக்-குக்-குக் என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே. பெட்டை ஓடி வந்து அதன் காலடியிலிருந்து பொறுக்கித் தின்றது. மூக்கை வைத்தாற்போல் கிட்டேயிருந்து இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பெட்டைக்கு ஊட்டும் சேவலையே பெட்டை ஏற்கும். கொண்டையையும் பார்க்கும். 1990-இல் மார்லீன் ஸூக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் குடற்புழு பிடித்த காட்டுச்சேவலையும் பிடிக்காததையும் பெட்டை முன்னால் விட்டுப் பார்த்தார்கள். பெட்டைகள் பெரும்பாலும் புழு இல்லாததைத் தேர்ந்தெடுத்தன. புழு இருந்த சேவல்களின் கொண்டை சின்னதாகவும் நிறம் மங்கியும் இருந்தது. இவ்வளவு நிறமும் காட்டில் ஆபத்துதான், எந்தப் பருந்துக்கும் தெரியும். அந்த ஆபத்தைத் தாங்கி நடமாடுகிற உடம்பு வலுவான உடம்பு என்பதைப் பெட்டை படித்துக்கொள்கிறது.

பாதையில் யாரோ மோட்டாரில் வரும் சத்தம். சேவல் பறக்கவில்லை, ஓடியது. ஓடும்போது வாலின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒன்று பளிச்சிட்டது. நிற்கும்போது அது இருப்பதே தெரியவில்லை. உள்ளே போய் மறைந்த பிறகும் அந்த வெள்ளைதான் கண்ணில் நின்றது.

மத்தியானம் வெயில் தாங்கவில்லை. கோழியும் நிழலைவிட்டு வராது. தூங்கினேன்.

ஞாயிறு

காலையிலிருந்து மழை. மதியம் விட்டது.

கோயில் பக்கம் நடந்தோம். தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் நேர்ந்துவிட்ட சேவல்கள் மூன்று சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி காட்டி, "அக்கா, இது காட்டுக்கோழிதான், காட்டுலேர்ந்து வந்து சேந்துகிச்சு" என்றான். பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதே ஆரஞ்சுக் கழுத்து, அதே கறுப்பு நெஞ்சு. ஆனால் வால் நிமிர்ந்திருந்தது, உடம்பு கனத்திருந்தது, கால் மஞ்சள்.

இந்த மஞ்சள் காலுக்காகத்தான் நேற்று மாமாவின் கையைப் பிடித்தேன். கோயில் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கும் தம்பிக்கும் சொன்னேன்.

உலகத்தில் காட்டுக்கோழி நாலே இனம். நம் ஊரில் இருக்கும் செங்காட்டுக்கோழி, இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி, இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவாப் பக்கத்துப் பச்சைக் காட்டுக்கோழி. வீட்டுக் கோழிகள் எல்லாவற்றுக்கும் செங்காட்டுக்கோழிதான் மூதாதை என்று டார்வின் சொன்னார். அது பெரும்பாலும் சரி. 2020-இல் 863 கோழிகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது செங்காட்டுக்கோழியின் ஒரு துணையினம் என்று தெரிந்தது. யுன்னான், மியன்மார், தாய்லாந்து என்று வடக்கே பரவியிருக்கும் அதே துணையினம்தான் நம் தீபகற்பத்திலும் இருக்கிறது. மாமா வீட்டுக்குப் பின்னால் மூங்கிலில் தூங்குவது உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் பாட்டன் வழி.

ஆனால் மஞ்சள் கால் மட்டும் அந்தப் பாட்டன் கொடுத்தது இல்லை. 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் அந்த நிறத்துக்கான மரபணுவைத் தேடிப்போய், அது சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று கண்டார்கள். சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் இருக்கிறது. கழுத்து இறகில் மெழுகு தடவியது போல் வெளிர்மஞ்சள் புள்ளிகள் உள்ளது. தாத்தாவும் பாட்டியும் கப்பலேறுமுன் ஊர்ப்பக்கத்து மலைகளில் கூவிக்கொண்டிருந்த பறவை அது. அதன் ரத்தம் வீட்டுக்கோழியில் கலந்து, வீட்டுக்கோழியோடு உலகம் சுற்றி, இந்தக் கோயில் வாசலில் மஞ்சள் காலாக நிற்கிறது. தம்பி குனிந்து அந்தச் சேவலின் காலை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே மலேசியச் செம்பனையில் ஒரு "காட்டுக்கோழி"க்கு மஞ்சள் கால் இருந்தால் அதன் வழியில் எங்கோ ஒரு வீட்டுக்கோழி இருக்கிறது. இதுதான் எனக்குக் கவலை. கண்ணியும் துப்பாக்கியும் எத்தனை பறவையைக் கொண்டுபோகும் என்று எண்ணிவிடலாம். கலப்பு அப்படித் தெரியாது. கோழி இருக்கும், கூவும், எண்ணிக்கை குறையாது, ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை அது காட்டுக்கோழியாக இருப்பது குறையும். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு அருங்காட்சியகத்தில் ஒரு நூற்றாண்டாக இருக்கும் காட்டுக்கோழித் தோல்களின் மரபணுவை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டது. இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்கோழியின் பங்கு காட்டுப் பறவைகளுக்குள் நிறைய ஏறியிருக்கிறது. வளர்ப்புக் கோழிகள் மனிதரைவிடப் பல மடங்கு பெருகிவிட்ட உலகத்தில் இது வேறு எப்படி நடக்கும்?

"சேவல் போயி பெட்டையப் பிடிக்கும், அது இயற்கைதானே?" என்றார் மாமா.

இயற்கைதான். ஆனால் லயத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு பால்மரக் காடோ ஆற்றங்கரையோ இருந்தவரை அது எப்போதோ நடந்தது. இப்போது செம்பனை லயத்துச் சமையற்கட்டு வரை வந்துவிட்டது, காட்டுக்கோழியும் கூடவே வந்துவிட்டது. மாமா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் வந்தார். வாலிபத்தில் கோழி பிடித்தவர். பழக்கிய சேவல் ஒன்றைக் காட்டோரம் கட்டிவைப்பார்களாம். மலாய்க்காரர்கள் அதை டெனாக் என்பார்கள். அதைச் சுற்றி வட்டமாக ராச்சிக் என்ற கண்ணி வரிசையைக் குத்திவைத்துவிட்டு மறைந்துகொள்வது. டெனாக் கூவும். தன் எல்லைக்குள் வேறொருவன் குரலைக் கேட்ட காட்டுச்சேவல் சும்மா இருக்காது, சண்டைக்குப் பாய்ந்து வந்து காலைக் கொடுத்துவிடும். "வீரந்தான் அதுக்கு எமன்" என்றார் அவர். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட பறவை, உரிமம் இல்லாமல் பிடிப்பது குற்றம். அவர் விட்டுப் பல வருஷமாகிறது என்றார். சட்டத்துக்குப் பயந்து இல்லை, ஒரு தடவை கண்ணியில் மாட்டியது பெட்டையாம், அதன் குஞ்சுகள் சுற்றி நின்று கத்தினவாம். அதோடு சரி.

திங்கள்

தோட்டம் ஐந்தரைக்கே எழுந்துவிட்டது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் பிளாக்குக்குப் போகும்போது நாங்களும் கிளம்பினோம். இப்போது பழம் வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நீளக் கம்பு நுனியில் அரிவாளோடு மோட்டாரில் போகிறார்கள். மாமாவைக் கண்டால் இன்னும் கை தூக்குகிறார்கள்.

சேவலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு நெருங்கிய பறவை பெட்டைதான், இன்றைக்குப் பார்த்த பெட்டை.

மரங்களுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் வெட்டிய ஓலைகளை அடுக்கிப் போடுவார்கள். மக்கி உரமாகட்டும் என்று. அந்த அடுக்கின் அடியில் ஈரமும் கறையானும் புழுவும் உண்டு. ஓர் அடுக்கின் நிழலில் நான் பத்து நிமிஷம் வெறும் சருகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சருகு கண் சிமிட்டியது. பெட்டை. உடம்பு முழுக்கப் பழுப்பு, அதன்மேல் மயிரிழைக் கறுப்புக் கோடுகள், கழுத்தில் மட்டும் வெளிர்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறிக் கீறல். முகத்தில் லேசான சிவப்பு. கொண்டை இல்லையென்றே சொல்லலாம். நாட்டுப்பெட்டைக்குக் கொண்டையும் தாடையும் தெளிவாகத் தெரியும். சுத்தக் காட்டுப்பெட்டைக்கு அவை கண்ணுக்குப் படாது. அடைகாக்கும் தாய்க்கு ஒரு சிவப்புப் பொட்டுகூட ஆபத்து.

அது எழுந்து நின்றபோது வயிற்றுக்கடியிலிருந்து குஞ்சுகள் உதிர்ந்தன. ஐந்து. முதுகில் பழுப்புப் பட்டை, இரண்டு பக்கமும் வெளிர்க் கோடு. தாய் கிளறும், விலகும், குஞ்சுகள் பாயும். ஒரு குஞ்சு தன்னைவிட நீளமான மண்புழுவை இழுத்துக்கொண்டு ஓட, மற்ற நாலும் துரத்தின. தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, சருகு போட்டு, நாலிலிருந்து ஏழு முட்டை வரை இடும். அடைகாப்பது பெட்டை மட்டும், ஏறக்குறைய மூன்று வாரம். குஞ்சு பொரித்த அன்றே நடக்கும், இறக்கை முளைத்து ஓரிரு வாரத்தில் தாழ்ந்த கிளைக்குத் தாவிவிடும். அதுவரை தரையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உடும்பு, பாம்பு, மரநாய் என்று எல்லாவற்றுக்கும் தப்ப வேண்டும்.

மரநாயைவிட எனக்கு அப்போது பயம் மேலேயிருந்து வந்தது. ஓலைகளின் இடைவெளியில் ஒரு பெரிய கழுகு நிழல் தரையைக் கடந்து போனது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெட்டை நீளமாக, மெல்லியதாக, கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. ஐந்து குஞ்சும் இருந்த இடத்தில் படுத்துவிட்டன. ஒன்று ஓலை மட்டைக்கு அடியில், ஒன்று என் சப்பாத்துக்கு ஒரு முழம் தள்ளி வெட்டவெளியில். அசையவில்லை. தாயும் அசையவில்லை. தரையில் வரும் பகைக்கு இதன் குரல் வேறு: கொக்-கொக்-கொக் என்று உரக்க, விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி. வானத்துப் பகைக்கோ எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாத சன்னமான ஒலி. கழுகு அந்தக் குரலைத் தேடி வரக்கூடாதல்லவா. நிக்கலஸ், எல்சி கோலியாஸ் என்ற அமெரிக்கத் தம்பதி சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் திரிந்த செங்காட்டுக்கோழிகளைப் பல வருஷம் கவனித்து, இருபதுக்கு மேற்பட்ட தனித்தனிக் குரல்களைப் பிரித்துக் காட்டினார்கள். கூவல் அவற்றில் ஒன்றுதான். நாம் கோழியைக் கூவுகிற பறவை என்றே நினைத்துவிட்டோம். பேசுகிற பறவை அது.

கழுகு போய்விட்டது. தாய் மெதுவாகக் குர்ரென்றது. குஞ்சுகள் எழுந்தன. என் சப்பாத்துக்குப் பக்கத்தில் கிடந்தது மட்டும் கடைசியாக எழுந்து ஓடியது. அதன் கால் நகத்தின் வெளிர்நிறம் வரை எனக்குத் தெரிந்தது.

மாமா வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மாட்டுச் சாணத்தைக் காட்டுக்கோழி எப்படிப் பிரித்துப்போடும், மறுநடவுக்காகச் சாய்த்த மரத்தண்டில் காண்டாமிருக வண்டின் புழுவைத் தேடி எப்படிக் கொத்தும், உதிரிப் பழத்தின் சதையைச் சுற்றிலும் கொத்தித் தின்றுவிட்டுக் கொட்டையை எப்படி அப்படியே விட்டுப்போகும் என்று. மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்தார் செம்பனைத் தோட்டங்களில் இந்தப் பறவையின் இரையை ஆராய்ந்தபோதும் பழம், களைவிதை, கறையான் என்றுதான் கண்டார்கள். மாமா ஆய்வு எதையும் படித்தவரில்லை. அவர் சொன்னதைக் கையெழுத்தில் குறித்துக்கொண்டேன்.

இன்று மனத்தில் ஓடிய ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள்தான் உறுதியாக வளர்ப்புக் கோழியுடையவை என்று சொல்லக்கூடிய மிகப் பழையவை என 2022-இல் அறிவித்தார்கள். கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை. காட்டுக்கோழியை யாரும் வலைபோட்டுக் கொண்டுவரவில்லை, நெல்லும் தினையும் விளைந்த வயல் அதை மரத்திலிருந்து இறக்கி மனிதர் பக்கம் இழுத்தது என்பது அவர்கள் கருத்து. அதே கதையின் இன்னொரு பகுதியைத்தான் நான் இங்கே பார்க்கிறேன் என்று தோன்றுகிறது. அன்றைக்கு நெல், இன்றைக்குச் செம்பனைப் பழம். அன்று வந்த பறவை வீட்டுக்கோழியாகிவிட்டது. இன்று வரும் பறவையை அந்த வீட்டுக்கோழியிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

செவ்வாய்

ரயில் மத்தியானத்துக்கு. காலையில் கடைசியாக மறுநடவு நடக்கும் பிளாக்குக்குப் போனோம். இருபத்தைந்து வருஷம் ஆன மரங்களைச் சாய்த்து, துண்டுபோட்டு, நடுவே கன்று வைத்திருக்கிறார்கள். தரையெங்கும் மூடுகொடி. வெயிலில் அந்தத் திறந்த வெளிக்குக் கோழி வராது, ஓரத்திலேயே மேய்ந்துவிட்டு உள்ளே போகும். சனிக்கிழமை பார்த்த சேவல்தானா தெரியவில்லை, ஒன்று ஓரத்து மரத்தடியில் குழிபறித்து மண் குளித்துக்கொண்டிருந்தது. பொன் இறகுகளை விரித்துப்போட்டு, கண்ணை மூடி, செம்மண்ணை முதுகில் வாரியிறைத்தபடி. பேன் போக இப்படிக் குளிக்கும்.

இந்தப் பக்கத்திலேயே சுங்காய் வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. காட்டெருமையையும், காட்டுக்கோழிக்கு உறவான வனக்கோழி வகைகளையும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அங்கே வளர்த்துப் பெருக்கியிருக்கிறார்கள். அரிய பறவைக்கு வேலியும் அரசாங்கமும் வேண்டும். செங்காட்டுக்கோழி இன்னும் அரிதாகவில்லை. அதற்கு வேண்டியது லயத்துக்காரர்களின் ஒத்தாசை.

அதை அத்தையிடம்தான் பேசினேன். அவர் வீட்டுச் சேவல் நாலும் பகலெல்லாம் செம்பனைக்குள் திரிகின்றன, பெட்டைகளும் கூடவே. சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டே கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூட்டுல அடைச்சா முட்டை குறையும்மா" என்றார். குறையாது, வலைபோட்ட முற்றம் இருந்தால் போதும், உடும்பும் முட்டையைத் தூக்காது என்றேன். உடும்பு சேதி அத்தைக்குப் பிடித்தது. போன மாதம் மட்டும் இரண்டு அடை போயிருக்கிறது. மாமா அங்கேயே கையால் அளவெடுத்தார், கொல்லைப்புறச் சுவரிலிருந்து துணிகாயப்போடும் கம்பம் வரை. வலையும் பலகையும் வாங்க எவ்வளவு வெள்ளி ஆகும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி போனில் பார்த்துச் சொன்னான். அவர்கள் வீட்டுக்கும் ஒன்று போடலாம் என்று அவனே சேர்த்துக்கொண்டான்.

ஆண்டின் நடுவில் மறுபடி வர வேண்டும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சுத்தக் காட்டுச்சேவல் அந்தப் பொன் கழுத்தை உதிர்த்துவிடும். அதற்குப் பதில் குட்டையான, மங்கிய கறுப்பு இறகு முளைக்கும், நீண்ட வால் இறகும் போய்விடும், கொண்டை சுருங்கும், கூவுவதுகூடக் குறையும். சில மாதம் அப்படி இருந்துவிட்டுத்தான் மறுபடி நிறம் கட்டும். கலப்புச் சேவல்களில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. காலுக்கும் வாலுக்கும் அடுத்து, மூங்கிலில் இருப்பது எவ்வளவு சுத்தம் என்று காட்டும் அடையாளம் இது. மாமாவிடம் ஜூன் மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன். கழுத்து கறுத்ததும் போன் பண்ணுவார். தம்பிக்கு என் பழைய தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டு வந்தேன், முதலில் காலைப் பார்க்கும்படி சொல்லி.